ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்தும் மனம் ஆறவில்லை என்றால், தேவன் இன்னும் மன்னிக்கவில்லை என்று பொருளா?

திருச்சியில் இருக்கும் விதவை அக்காவின் நிலத்தையும் சேர்த்துச் சாகுபடி செய்வதாகவும், சில ஆண்டுகளாகக் கண்டுமுதலை, அதாவது விளைந்து வந்த நெல்லின் அளவை, குறைத்துச் சொல்லி அவருடைய பங்கில் கைவைத்துவிட்டதாகவும், ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லியும் நிம்மதி இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தேவன் மன்னித்தாரா என்று கேட்கிறீர்கள். நீங்கள் இதுவரை எதை அறிக்கையிட்டீர்கள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

சபையாக எழுந்து நின்று சொல்லும் பொது அறிக்கையில் எல்லாப் பாவமும் அடங்கும். ஆனால் எத்தனை மூட்டை நெல் என்பது அதில் வராது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலந்தொட்டு எங்கள் லுத்தரன் சபைகள் கைக்கொள்ளும், மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம், தேவனுக்கு முன்பாக நாம் அறியாத பாவங்களையும் சேர்த்து ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. குருவானவரிடம் போகும்போது, நமக்குத் தெரிந்து நெஞ்சை உறுத்துபவற்றைச் சொன்னால் போதும் என்கிறது. அவற்றைக் கண்டுபிடிக்கவும் அதுவே வழி காட்டுகிறது: நீ தகப்பனா, தாயா, எஜமானா, வேலைக்காரனா என்று உன் நிலையைப் பத்துக் கற்பனைகளோடு வைத்துப் பார், எதையாவது திருடினாயா, யாருக்காவது தீங்கு செய்தாயா என்று கேட்கிறது. தெரிந்த ஒரு பாவத்தைத் தெரியாத ஆயிரத்தோடு சேர்த்துச் சொல்லிக் கரைத்துவிட முடியும் என்பதை லுத்தர் அறிந்திருந்தார் போலும்.

தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது ஒரே நாளில் நடப்பதில்லை. நடவுக்கு முன் அண்டை வெட்டும்போது, தம் பக்கத்தில் இரண்டு விரற்கடை ஆழமாக மண்வெட்டியைப் போட்டு, வரப்பை அடுத்தவர் நிலத்துக்குள் மெல்லத் தள்ளுகிறவர்களை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆண்டு அது யார் கண்ணிலும் படாது. வெட்டியவரே வரப்பு எப்போதும் அங்கேதான் இருந்தது என்று சத்தியம் செய்வார். பல ஆண்டு கழித்து சர்வேயர் வந்து அளக்கும்போதுதான் அரை குழி, ஒரு குழி நிலம் போயிருப்பது தெரியவரும். உங்கள் கணக்கிலும் முதலில் சொன்ன நஷ்டம் உண்மையாகவே இருந்திருக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது உண்மை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகள் இருந்தது உண்மை. உர விலையும் அறுவடை இயந்திர வாடகையும் ஏறியது உண்மை. இத்தனை உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்க் கணக்கு உட்கார்ந்திருப்பது, அதைச் சொன்னவருக்கே தெரியாமற்போகிறது.

இஸ்ரவேலின் ராஜாக்களான சவுலும் தாவீதும் பாவஞ்செய்தேன் என்ற ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சவுலோ, அமலேக்கியரை ஆடுமாடு உட்பட அழிக்கும்படி கர்த்தர் கொடுத்த கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்றான் முதலில்; ஆடுகளின் சத்தம் கேட்கிறதே என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டபோது, பலியிடுவதற்காக ஜனங்கள் தப்பவிட்டார்கள் என்றான்; கடைசியில் பாவத்தை ஒப்புக்கொண்ட கையோடு, மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி கேட்டான் (1 சாமுவேல் 15). உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்லுவித்த தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் ‘நீயே அந்த மனுஷன்’ என்றபோது அவன் சொன்ன பதிலில் காரணமும் இல்லை, கோரிக்கையும் இல்லை. உங்கள் அறிக்கையில் ‘ஆனாலும்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். அக்காதான் இங்கே வந்து பார்ப்பதே இல்லையே என்பதும் அந்த வகைதான்.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரம், பிறனை ஏமாற்றி எடுத்ததை முழுவதும் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. அந்தச் சட்டம் இன்று நம்மைக் கட்டாது என்பீர்கள், சரி. கொடுத்துத்தான் மன்னிப்பை வாங்க வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன், அது கிருபைக்கே விரோதமான பேச்சு. வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவின் வீட்டுக்கு இயேசு முதலில் வந்தார். நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு பிறகுதான் வந்தது. ஆனால் மன்னிக்கப்பட்டேன் என்று நம்புகிறவர் அக்காவின் நெல்லை வைத்துக்கொண்டே எப்படி நம்புகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே முதலில் கணக்கை எழுதுங்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் வந்திருக்கும். பாஸ்புக்கை வைத்து எத்தனை சிப்பம் என்று எடுத்துவிடலாம். வியாபாரிக்குப் போட்டதை நினைவிலிருந்து சேருங்கள். சந்தேகம் வரும் இடத்தில் அக்கா பக்கமே கூட்டுங்கள். போனில் சொல்லாமல் நேரில் போங்கள். பணம் முழுவதும் கையில் இல்லாவிட்டால் எத்தனை போகத்தில் தருவீர்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். அன்றே மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படி அவரை நெருக்காதீர்கள். பல ஆண்டு ஏமாந்தவருக்குக் கோபப்படவும் பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு, உங்கள் மன ஆறுதலுக்காக அவர் அவசரப்பட வேண்டியதில்லை. அடுத்த சம்பா அறுவடைக்கு அவர் சார்பில் யாரையாவது களத்துக்கு வரச் சொல்லி, மூட்டையை அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.