மாமாவுக்குப் புற்றுநோய்க் குளிசை தந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எப்படிப் பாதுகாப்பாகக் கொடுப்பது?

உங்கள் மாமாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, கெப்சிடபீன் குளிசை தந்து மூன்று கிழமைக்கு ஒருதடவை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே. குளிசை கொடுக்கும் பொறுப்பு மாமிக்கு, அவருக்கோ ஒரே பயம்.

என் அப்பாவுக்கும் இதே வருத்தம், இதே குளிசை. நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் வைத்துக் கொடுத்தோம். நான் டொக்டர் இல்லை. கிளினிக்கில் சொல்லித் தந்ததும், வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது. மாமாவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது இதிலிருந்து வேறுபட்டால் கொப்பியில் உள்ளதையே கேளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மாமிக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று கிழமை ஒரு சுற்று; அப்பாவுக்கு இரண்டாவது சுற்றில் பத்தாம் நாள் போல வயிற்றோட்டம் தொடங்கியது. எங்களுக்குத் தெரியாது. இரவில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வளவுக்குப் பின்னாலிருந்த கக்கூசுக்குச் சத்தமில்லாமல் போய்வந்திருக்கிறார். காலையில் அம்மா கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். மூன்றாம் நாள் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. அந்த நிலையிலும் கையை நீட்டிக் குளிசையைத்தான் கேட்டார். "விட்டால் வருத்தம் பரவிப்போகும் மகள்" என்றார்.

வாட்டில் சேலைன் ஏற்றி, நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். குளிசையை நிறுத்தி, வயிறு சரியான பிறகு அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்கினார்கள். டொக்டர் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதை நான் மறக்கவில்லை: பக்கவிளைவுக்காக நிறுத்திய நாட்களின் குளிசையைப் பின்னால் ஈடுசெய்யத் தேவையில்லை, அளவைக் குறைப்பதும் இந்த வைத்தியத்தின் ஒரு பகுதிதான். வயிற்றோட்டத்தோடு விழுங்கிக்கொண்டே போனால் உடம்பில் தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் சோரும். சிறுநீரகம் சோர்ந்தால் மருந்தின் வேகம் இன்னும் கூடும், அது வயிற்றை இன்னும் கெடுக்கும். அப்பா மூன்று நாள் அந்தச் சுழலுக்குள் இருந்திருக்கிறார். மாமாவிடம் இதை இப்போதே, சுகமாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். மறைக்க மாட்டேன் என்று அவர் வாயால் சொல்லட்டும்.

எப்போது நிறுத்துவது? எங்களுக்குச் சொல்லித் தந்த கணக்கு இது. வழக்கத்தை விட ஒரு நாளில் நாலு தடவையோ அதற்கு மேலோ வயிற்றால் போனால், அல்லது இரவில் எழும்பிப் போகவேண்டி வந்தால், அடுத்த குளிசையைக் கொடுக்காமல் கிளினிக்குக்கோ வாட்டுக்கோ பேச வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் ஒரு தடவைக்கு மேல் சத்தி எடுத்தாலும், வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாமல் போனாலும், உள்ளங்கை, உள்ளங்கால் நோகும்படி சிவந்து வீங்கினாலும் அப்படித்தான். இடையில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை முன்கூட்டியே தந்திருந்தால் எத்தனை, எப்போது என்று எழுதி வாங்கி வையுங்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரன்ஹைட் தொட்டால் பேசிக்கொண்டிருக்கவும் நேரமில்லை, நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். இந்த மருந்து இரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைக்கும், சின்னக் கிருமியும் சில மணித்தியாலத்தில் ஆளைச் சாய்த்துவிடும். நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் பனடோல் இரண்டு போட்டுப் படுக்கச் சொல்வோம். அது சூட்டை மட்டும் இறக்கிக் காய்ச்சலை மறைத்துவிடும். ஒரு தேர்மோமீட்டர் வாங்கி வையுங்கள். நெஞ்சு நோவும் அப்படித்தான். இந்த மருந்து சிலருக்கு இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுருங்க வைக்கும். நெஞ்சு இறுக்கினால் வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிராமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் சுற்றின் முதல் சில நாட்களிலேயே பக்கவிளைவு கடுமையாக வரும். "தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, கொடுக்கும் முறைக்கு வருவோம். காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, இடையில் ஏறத்தாழ 12 மணித்தியாலம். சாப்பிட்டு 30 நிமிடத்துக்குள் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். எங்கள் வீட்டில் காலை ஏழரை, இரவு ஏழரை. அப்பா வயலுக்குப் போன காலத்துப் பழக்கத்தில் விடியத் தேத்தண்ணியோடு இருந்துவிடுவார். அது இதற்குச் சாப்பாடு ஆகாது. இரண்டு இடியப்பமும் சொதியும் என்றாலும் வயிற்றுக்குள் போக வேண்டும். விரத நாட்கள், நோன்பு காலம் வந்தால் முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

அளவு உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணக்குப் பார்த்துப் போடுவது. அப்பாவுக்கு 500 மில்லிகிராம் குளிசை காலை 3, இரவு 3. மாமாவுக்கு அது வேறாக இருக்கும். 150 மில்லிகிராம் குளிசையும் உண்டு, இரண்டையும் சேர்த்துத் தந்திருந்தால் மாமி பெட்டிகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அது போனது போனதுதான், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. விழுங்கிச் சத்தி எடுத்தாலும் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

அப்பாவுக்கு 14 நாள் குளிசை, 7 நாள் ஓய்வு என்று 21 நாள் சுற்று. அந்த ஓய்வு நாட்களில்தான் இரத்த அணுக்களும் குடலும் தேறிக்கொள்ளும். பெட்டியில் குளிசை மிச்சம் இருக்கிறதென்று ஓய்வுக் கிழமையிலும் கொடுத்துவிடுகிற ஆபத்து உண்டு. அம்மா சுவர்க் கலண்டரில் குளிசை நாளுக்குச் சிவப்பு வட்டம், ஓய்வு நாளுக்குப் பச்சை வட்டம் போட்டு, கொடுத்த உடனே குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு, ஒரு வேளைகூடப் பிசகவில்லை.

எங்கள் வீட்டில் பெரிய பயம் தங்கச்சியால் வந்தது. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. மிட்வைப் மிஸ் தந்த போலிக் அசிட் குளிசையும் அப்பாவின் குளிசையும் ஒரே பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்தன. கிளினிக்கில் மருந்தெல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னதால் அந்த ரின்னோடு போனேன். பார்மசியில் இருந்தவர் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். கர்ப்பிணிப் பெண் கெப்சிடபீனைக் கையால் தொடவே கூடாது, குழந்தையைத் தாக்கும். அப்பா தவறிப் போலிக் அசிட்டை விழுங்கினால் கெப்சிடபீனின் நச்சுத்தன்மை கூடும். அன்றே அப்பாவுக்கு வேறு ரின், அலுமாரி மேல் தட்டு, பூட்டு. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பார்க்க இனிப்பு மாதிரியே இருக்கும், கவனம்.

மாமி எடுத்துக் கொடுப்பதென்றால் கையுறை போடட்டும், இல்லாவிட்டால் குளிசையைத் தொடாமல் மூடியிலோ சின்னக் கிண்ணத்திலோ போட்டுக் கொடுத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். விழுங்கக் கஷ்டமென்று இடித்துத் தூளாக்கித் தேனில் குழைக்க வேண்டாம், அந்தத் தூள் மூச்சோடு மாமிக்குள் போகும். மாமா கக்கூசுக்குப் போனால் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றட்டும். சத்தியோ மலமோ பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். தகரக் கூரை வீடென்றால் மத்தியான வெக்கை படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அட்டையிலிருந்து உடைத்து வேறு போத்தலில் போட்டு வைக்காதீர்கள். மிஞ்சியதைக் குப்பையிலோ கிணற்றடியிலோ போடாமல் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வேறு மருந்துகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுக்கிறாரா? இரண்டும் சேர்ந்தால் இரத்தப்போக்கு வரலாம். வலிப்புக்குப் பெனிடோயின், யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டு வாதத்துக்கு (கவுட்) அலோபியூரினோல், நெஞ்செரிவுக்கு வெள்ளைப் பாணி மருந்து, எல்லாவற்றையும் டொக்டருக்குக் காட்டுங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பரியாரியின் கசாயத்தையும் மறைக்க வேண்டாம். நாங்கள் அதைச் சொல்ல வெட்கப்பட்டோம். டொக்டர் ஏசவே இல்லை, குளிசை முடியும் வரை நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான். தெரிந்த ஒருவர் வேறு புற்றுநோய்க் குளிசை எடுக்கிறார் என்று அவர் சொல்லும் முறையையும் பின்பற்றாதீர்கள். சொராபெனிப் வெறும் வயிற்றில் எடுப்பது, இமாடினிப் சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் வைத்து எடுப்பது. மருந்துக்கு மருந்து முறை வேறு.

கை, கால் தோல் பற்றிக் கொஞ்சம். முதலில் உள்ளங்கையில் சுள்ளென்று ஊசி குத்தும், பிறகு சிவக்கும், உரியும். வெறுங்காலோடு சுடு மணலில் நடப்பது, மண்வெட்டி பிடிப்பது, கொதிநீரில் குளிப்பது எல்லாம் அதைக் கூட்டும். அப்பாவுக்குச் செருப்புப் போட வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது, வளவுக்குள் செருப்பா என்பார். காலையிலும் இரவிலும் அம்மா யூரியா கிறீம் பூசிவிடுவார், மெல்லிய பருத்திக் காலுறை போடுவார். வாய்க்கு மெல்லிய பிரஷ், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, உறைப்பில்லாத கறி. தயிர்ச் சோறு இறங்கினது பெரிய உதவி.

கடைசியாக, மழை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்புக்குப் போவது இலேசு. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வயல்வெளி நிரம்பி ரோட்டின் மேல் வெள்ளம் போகும் நாட்கள் உங்களுக்கும் தெரியும். அந்த மாதங்களில் கிளினிக் நாளுக்கு முதல் நாளே வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டில் போய் நிற்பது நல்லது. வாட்டு நம்பர், கிளினிக் நம்பர், ஊரில் இரவிலும் வரக்கூடிய ஓட்டோக்காரரின் நம்பர் மூன்றையும் கலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். மாமிக்குப் போன் பாவிக்கத் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.