கட்டில் நடுவில் தொய்ந்துவிட்டது, புதிது வாங்கக் காசில்லை, என்ன செய்வது?

கட்டில் நடுவில் இறங்கிவிட்டது, ஆசாரி கேட்கும் கூலி கட்டுப்படியாகவில்லை, குறைந்த செலவில் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள், முதுகு போனால் வைத்தியச் செலவு அதைவிட அதிகம் என்று நாலு பேர் அறிவுரை சொல்வார்கள். காசில்லை என்று சொன்னவரிடமே காசு செலவழிக்கச் சொல்லும் இந்த ரகத்தினரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுடையதும் சீர் வரிசையில் வந்த கட்டிலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னுடையது அப்படி வந்ததுதான். ஐந்தடிக்கு ஆறேகால் அடி, ‘முழுத் தேக்கு’ என்று சத்தியம் செய்து அப்பாவின் தலையில் கட்டினார்கள். தலைமாட்டுப் பலகையும் கால்களும் தேக்குதான், அதில் குறை சொல்ல மாட்டேன். மெத்தையை எடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 6 மில்லிமீட்டர் பிளைவுட், அதற்கு அடியில் ஏதோ நாட்டு மரத்தில் மூன்று குறுக்குச் சட்டம், அதையும் படுக்கை வாட்டில் போட்டிருக்கிறார்கள். ஐந்தடி அகலத்துக்கு நடுவில் முட்டுக்கால் என்று ஒன்றுமே கிடையாது. அது தொய்யாமல் என்ன செய்யும்?

என் நாத்தனார் லீவுக்கு வந்து அதில் உட்கார்ந்துவிட்டு, “அண்ணி, உங்க அப்பா வாங்கிக் குடுத்த கட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடுதே” என்று சிரித்தாள். அவள் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, நல்ல பெண்தான். ஆனால் அந்தக் கட்டிலுக்காக அப்பா நகைக்கடன் வைத்தது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, “உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது, உங்க இஷ்டம்” என்றுதான் சொன்னார்கள். அந்த இஷ்டத்துக்குத்தான் கட்டில், பீரோ, கிரைண்டர், கடைசி நேரத்தில் வாஷிங் மெஷின். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டதாம், ‘இஷ்டம்’ என்று சொல்லிவிட்டால் எந்தச் சட்டம் என்ன செய்யும். சரி, இது நீங்கள் கேட்காத கதை, விடுங்கள்.

முதலில் தொய்வது எது என்று பாருங்கள். மெத்தையைத் தரையில் போட்டுப் படுங்கள், அங்கேயும் குழி இருந்தால் கட்டில் மேல் பழி போட வேண்டாம். மெத்தை ஒழுங்காக இருந்தால், கட்டிலின் குறுக்கே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூலை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் தொய்வு. அப்புறம் டார்ச் அடித்து, குறுக்குச் சட்டங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கவாட்டுக் கட்டை ஆணி கழன்று இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல வீட்டில் சட்டம் நன்றாகவே இருக்கும், அதைத் தாங்கும் கட்டைதான் கழன்றிருக்கும்.

நிறையப் பேர் முதலில் செய்வது மேலே இன்னொரு பிளைவுட் வாங்கிப் போடுவது. காசு போகும், கொஞ்ச நாளில் அதுவும் சேர்ந்து தொய்யும். வைத்தியம் கீழே செய்ய வேண்டும். நான் மர வாடியில் மூன்றங்குல அகலம், ஓரங்குலக் கனத்தில் ரீப்பர், அதாவது நீளமான மரச் சட்டம் வாங்கினேன். “வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா” என்று கேட்டுவிட்டுத்தான் வாடிக்காரர் அளந்தே கொடுத்தார், அது இருக்கட்டும். ரீப்பரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் போட வேண்டும், இதுதான் முக்கியம். அதே மரம், அதே காசு, ஆனால் மூன்றங்குலப் பக்கம் நின்றால் படுத்திருப்பதைவிட 9 மடங்கு விறைப்பு. பழைய படுக்கைச் சட்டங்களை எடுத்துவிட்டு நிமிர்ந்த சட்டங்களை வைத்தேன், சரிந்து விழாமல் இரண்டு முனையிலும் எல் ஆங்கிள், அதாவது ‘L’ போல வளைந்த இரும்புத் துண்டு வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். சட்டத்தின் உயரம் கூடுமே, பலகை மேலே தூக்குமே என்று கேட்பீர்கள். தூக்கும்தான், அதனால் பக்கவாட்டுக் கட்டையைக் கழற்றி, கூடுகிற உயரத்துக்குக் கீழே இறக்கிப் பூட்டினேன். பழைய ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்திருந்தால் ஃபெவிகாலில் தோய்த்த ஈர்க்குச்சிகளை இறுக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு முடுக்கினால் பிடிக்கும். இது மரத்துக்கு மட்டும்.

அடுத்தது முட்டுக்கால். குறுக்குச் சட்டங்களுக்கு அடியில், தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடுவாக ஒரு கட்டை ஓட்டி, அதற்குக் கீழே சாலிட் பிளாக், அதாவது சிமெண்டுக் கல் வைத்தேன். பிளாக்குக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு, டைல்ஸ் கீறாது. நடுவில் ஒரு தாங்கல் வந்துவிட்டால் சட்டத்தின் நீளம் பாதியாகிறது, அதே எடைக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. இடைவெளியை அட்டைத் துண்டு வைத்து நிரப்புங்கள், ஆனால் முட்டு நாலு கால்களைவிட உயரமாகிவிடக் கூடாது, கட்டில் நடுவில் நின்று ஆட ஆரம்பிக்கும். மரத்தைத் தரையில் நேராக ஊன்றாதீர்கள், வீடு துடைக்கும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ரீப்பர், ஆங்கிள், ஸ்க்ரூ, பிளாக் எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம், “இந்த விலைக்கு எங்கே கிடைக்கிறது” என்று சண்டைக்கு வராதீர்கள். ஆசாரிமார் யாராவது படித்தால் கோபப்பட வேண்டாம், உங்கள் கை நேர்த்தி எனக்கு வராது, ஆங்கிள் எல்லாம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. மெத்தை போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது.

பார்ட்டிகிள் போர்டு கட்டிலாக இருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் ஒருமுறை ஸ்க்ரூ பிய்ந்த ஓட்டை திரும்பப் பிடிக்காது, ஈர்க்குச்சி வேலை எல்லாம் பலிக்காது. ஊடுருவப் போகிற போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் பெரிய வாஷர் வைத்து நட்டு முடுக்க வேண்டும். போர்டு ஈரம் குடித்து உப்பியிருந்தால் அந்தப் பகுதியில் எதையும் பூட்டாதீர்கள், பிளாக்கை இன்னும் ரெண்டு சேர்த்து வைத்து எடையை நேராகத் தரைக்கே இறக்கிவிடுங்கள். அடியில் டிராயர் வைத்த கட்டில் என்றால் பிளாக் வைக்க இடமிருக்காது. எது என்று நீங்கள் சொல்லவில்லை, சொன்னால் தெரிந்ததைச் சொல்கிறேன்.