பழைய புரொஜக்டர் என்ன விலை? போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொட்டகைகளின் செகண்ட் ஹேண்ட் சந்தை: கேள்வி பதில்

இருபத்தாறு வருடம் ஆபரேட்டர் அறையில் கார்பன் புகை குடித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. பழைய அமெரிக்க சினிமாத் தொழில் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் வரும் வரி விளம்பரங்களை ஒன்று விடாமல் படிப்பது. 1945 முதல் 1960 வரை அங்கே பழைய தியேட்டர் சாமான்கள் எப்படிக் கைமாறின என்று நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

விருதுநகரிலிருந்து ஒரு தம்பி: போர் முடிந்துவிட்டது, அமெரிக்கர்கள் கையில் காசும் இருந்தது. புதுசு வாங்காமல் ஏன் பழசைத் தேடினார்கள்?

புதுசு கிடைக்கவில்லை தம்பி. போர்க்காலத்தில் புரொஜக்டர் செய்யும் ஆலைகள் ராணுவ வேலைக்குத் திரும்பிவிட்டன. 1941-ல் தேய ஆரம்பித்த மிஷினை 1945 வரை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அப்புறம் 1946 வந்தது. வாரத்துக்கு ஏறக்குறைய 9 கோடி டிக்கெட் விற்ற காலம் அது. அமெரிக்க சினிமா அந்த உச்சத்தைத் திரும்பத் தொடவே இல்லை. போர்முனையிலிருந்து திரும்பியவன் எல்லாம் கொட்டகை கட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஆனால் அதே 1946 மார்ச்சில், முதலில் வீடு கட்டுங்கள் மற்றதெல்லாம் பிறகு என்று அரசாங்கம் கட்டடப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. பழைய கடையை இடித்துச் சேர்த்தோ, ராணுவத்தின் அரைவட்டத் தகரக் கொட்டகையை நிமிர்த்தியோ படம் போட்டவர்கள் உண்டு. கட்டடமே அப்படி என்றால் உள்ளே வைக்கும் சாமான் மட்டும் புதிதாகவா இருக்கும்?

மதுரையிலிருந்து ஒருவர்: ஒரு தியேட்டரை மூடினால் எல்லாவற்றையும் ஒரே ஆள் வாங்கிக்கொள்வாரா?

சில சமயம் உண்டு. ஆனால் சந்தை பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் நடந்தது. காரணம் மிஷினின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க புரொஜக்டரில் அடியில் பீடம், அதன்மேல் ஃபிலிமிலிருந்து ஒலியை எடுக்கும் சவுண்ட் ஹெட், அதன்மேல் படம் ஓடும் தலை, பின்னால் கார்பன் குச்சி எரியும் ஆர்க் விளக்குப் பெட்டி. எல்லாம் தனித்தனி உருப்படி, கம்பெனியும் வேறு வேறாக இருக்கலாம். சிம்ப்ளெக்ஸ் தலையை ஆர்.சி.ஏ. சவுண்ட் ஹெட்டில் உட்கார்த்தி, பின்னால் பியர்லெஸ் விளக்கோ ஸ்ட்ராங் விளக்கோ வைப்பது அங்கே சர்வ சாதாரணம். அதனால் ஒருவர் தலைகளை மட்டும் கேட்பார், இன்னொருவர் விளக்குக்கு ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கிக் கொடுக்கும் ரெக்டிஃபையரை மட்டும் கேட்பார். நியூயார்க்கில் எஸ்.ஓ.எஸ். சினிமா சப்ளை மாதிரியான கடைகள் இதையே தொழிலாக வைத்திருந்தன. மொத்தமாக வாங்கி, பிரித்து, பழுது பார்த்து, பட்டியல் போட்டு விற்பார்கள். நம் ஊர் லாரி உதிரி பாகக் கடை எப்படியோ அப்படித்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஜோடியாகவே வாங்கினார்கள். இரண்டு புரொஜக்டர் இல்லாமல் அங்கே கொட்டகை கிடையாது. 2,000 அடி ரீல் ஒன்று 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உடனே அடுத்த மிஷின் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை மிஷினை வைத்துக்கொண்டு ரீலுக்கு ரீல் இடைவேளை விட்ட நம் டூரிங் டாக்கீஸ் ஆட்களின் பொறுமை அவர்களுக்கு இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து, லேத் பட்டறை வைத்திருப்பவர்: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் சார்? பெயின்ட் அடித்துக் கொடுத்தால் எல்லாம் புதுசு மாதிரிதானே இருக்கும்?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், உங்கள் கை இதற்குப் பழகின கை.

விளம்பரங்களில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று ‘உள்ளபடி’, அதாவது என்ன இருக்கிறதோ அதுதான், பிறகு வந்து கேட்காதே. இன்னொன்று ‘திரும்பக் கட்டியது’. இந்த இரண்டாவதில்தான் எல்லா வித்தையும். நாணயமான கடைக்காரர் தலையை முழுக்கப் பிரித்து பல்சக்கரம், புஷ், ஷாஃப்ட் எல்லாம் மாற்றிக் கட்டியிருப்பார். மற்றவர் கறுப்பு பெயின்ட் டப்பாவோடு நிறுத்திக்கொண்டிருப்பார்.

முதலில் கதவைத் திறந்து இன்டர்மிட்டன்ட் ஸ்ப்ராக்கெட்டைத் தேடுங்கள். பதினாறு பல் உள்ள சின்னச் சக்கரம். அதன் பின்னால், எண்ணெய்ப் பெட்டிக்குள், நாலு காடி வெட்டிய நட்சத்திரச் சக்கரம் இருக்கும். நம்மவர்கள் மால்டீஸ் கிராஸ் என்பார்கள். அதைத் தள்ளும் ‘கேம்’ என்ற வட்டு நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் நட்சத்திரம் கால் சுற்று நகர்ந்து நிற்கும், ஃபிலிம் ஒரு சட்டம், அதாவது ஒரு ஃப்ரேம், இறங்கும். நொடிக்கு 24 முறை இந்த ஓட்டமும் நிறுத்தமும். மோட்டாரைக் கையால் சுற்றி, நட்சத்திரம் பூட்டி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது ஸ்ப்ராக்கெட்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம்கூட ஆடாமல் கல் மாதிரி நின்றால் சுற்றும்போது எங்காவது பிடிக்கும். மயிரிழை ஆடினால் சரி. ‘டக் டக்’ என்று காதில் விழும் அளவுக்கு ஆடினால் அந்தத் தேய்மானம் திரையில் பல மடங்கு பெரிதாகி, எழுத்து மேலும் கீழும் குதிக்கும்.

அடுத்து, நகத்தால் பல்லைத் தடவுங்கள். ஃபிலிம் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதால் பல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்து, கொக்கி மாதிரி வளையும். நகம் அதில் மாட்டும். அந்தக் கொக்கிதான் ஃபிலிமின் துளைகளைக் கிழிக்கிறது. இதற்குப் பழைய ஆபரேட்டர் வைத்தியம் ஒன்று உண்டு. ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் தேயாத முகம் வேலைக்கு வரும், இன்னொரு ஆயுள் கிடைக்கும். ஆகவே தேய்ந்த பல் பார்த்தால் பயப்பட வேண்டாம். இரண்டு முகமும் தேய்ந்திருந்தால், இவன் ஏற்கெனவே ஒருமுறை திருப்பிவிட்டான் என்று அர்த்தம். விலையைக் குறையுங்கள்.

இதெல்லாம் எழுதுகிற நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சேகரிப்புக்காக ஒரு சிம்ப்ளெக்ஸ் தலை வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். பளபளவென்று இருந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் எண்ணெய்ப் பெட்டிக்குள் கெட்டியான கிரீஸ். ஆட்டத்தை மறைக்க அடைத்திருக்கிறார்கள். விரலால் ஆட்டிப் பார்த்தபோது எனக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான்.

சென்னையிலிருந்து: எந்த மாடலுக்கு மவுசு?

சிம்ப்ளெக்ஸ் இ-7. 1930களின் கடைசியில் வந்தது, ஃபிலிம் நகரும் நேரத்தில் வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டர் முன்னாலும் பின்னாலும் இரண்டு. மலிவாக வேண்டும் என்பவர்கள் பழைய சிம்ப்ளெக்ஸ் ரெகுலர் வாங்கினார்கள். அந்த வடிவத்தின் மூலவர்களில் ஒருவர் மௌனப்பட இயக்குநர் எட்வின் எஸ். போர்ட்டர். ஆச்சரியம்தான், ஆனால் உண்மை. ரெகுலரில் ‘பின் ஷட்டர்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் விலை கூடும். ஷட்டர் விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் இருந்தால் வெளிச்சம் தேவையில்லாத நேரத்துச் சூடும் அங்கேயே தடுக்கப்படும். அப்போது தியேட்டரில் ஓடியது பெரும்பாலும் நைட்ரேட் ஃபிலிம், சூடு என்றால் தீ.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அண்ணாச்சி: மிலிட்டரி சாமான் ஏலத்தில் வந்ததாமே?

வந்தது அண்ணாச்சி, குவியல் குவியலாக. மிஞ்சிய போர்ச் சாமான்களை விற்க வார் அசெட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஒரு தனி அமைப்பே 1946-ல் வந்தது. முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை. படைமுகாம்களில் பாடம் நடத்தவும் படம் காட்டவும் வைத்திருந்த 16 மி.மீ. புரொஜக்டர்கள் அதில் ஏராளம். பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம், ஃபிலிமும் எளிதில் தீப்பிடிக்காத ரகம். தியேட்டர் இல்லாத சிற்றூர்களில் கடைக்காரர்கள் பணம் போட, மைதானத்தில் ஒரு திரை கட்டி இலவசப் படம் காட்டுவார்கள். ஜனங்கள் சாமான் வாங்க ஊருக்குள் வருவார்கள் என்பது கணக்கு. நிலையான கொட்டகைக்காரர்களுக்கு இவர்கள்மேல் எரிச்சல். ஓரிடத்தில் நிற்காமல் தாவுவதால் ‘ஜாக்ராபிட்’, அதாவது காட்டு முயல் என்று பெயர் வைத்தார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், அந்தச் சந்தையில் போட்ட காசுக்குச் சரியான சரக்கு இதுதான். அதிகம் ஓடாத மிஷின்கள் நிறைய வந்தன.

புதுச்சேரியிலிருந்து ஒரு வக்கீல்: விற்பவர்தான் உரிமையாளர் என்று எப்படி உறுதி செய்வார்கள்?

வக்கீல் சாருக்குத்தான் இது தோன்றும். பேசும் படம் வந்த 1920களின் கடைசியில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஒலிக் கருவிகள் தியேட்டருக்கு விற்கப்படவில்லை, நீண்ட கால ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டன. கொட்டகைக்குள் இருப்பதெல்லாம் கொட்டகைக்காரருடையது என்று நம்ப முடியாது. மற்றவற்றையும் தவணையில் வாங்குவதுதான் வழக்கம். கடைசித் தவணை கட்டும்வரை உரிமை விற்றவரிடமே இருக்கும்படி பத்திரம் எழுதுவார்கள். விவரமான ஆள் மிஷினைப் பார்ப்பதற்கு முன் ரசீதைப் பார்ப்பார்.

ஈரோட்டிலிருந்து: நாற்காலிகள்?

எண்ணிக்கைக் கணக்கில் போகும். தியேட்டரை மூடியவர் முந்நூறு, ஐந்நூறு என்று விற்பார், தேவாலயமும் பள்ளி அரங்கமும்கூட வாங்கும். ஒரு பொறி உண்டு. கொட்டகைத் தரை சரிவானது. அந்தச் சரிவுக்கு ஏற்ற கோணத்தில் நாற்காலியின் இரும்புக் கால் வார்க்கப்பட்டிருக்கும். அதைச் சமதரையில் வைத்தால் உட்கார்ந்தவர் மல்லாக்கச் சாய்வார், இல்லையென்றால் முன்னால் வழுக்குவார்.

அதே ஈரோட்டு நண்பர்: பாப்கார்ன் மிஷின் கூடவா விற்றார்கள்?

விற்காமல்? போர்க்காலத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து மிட்டாய் அடிபட்டபோது கொட்டகையைக் காப்பாற்றியதே சோளப்பொரிதான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பேராசிரியர்: டெலிவிஷன் வந்ததும் சந்தை செத்துவிட்டதா?

சாகவில்லை, தலைகீழானது. 1946-ல் வாங்குகிறவர் க்யூவில் நின்றார். 1950க்குப் பிறகு விற்கிறவர் க்யூவில் நின்றார். வாராந்திரக் கூட்டம் சரிந்தது, தெருக்கோடி கொட்டகைகள் ஆயிரக்கணக்கில் மூடின. ஏகபோகத்தை எதிர்த்து அரசாங்கம் போட்ட பாரமவுன்ட் வழக்கில் 1948-ல் வந்த தீர்ப்பால் பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர் சங்கிலியைப் பிரிக்க வேண்டியும் வந்தது.

இவ்வளவு சரக்கையும் டிரைவ்-இன்கள், அதாவது காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகைகள், வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும். 1948-ல் சில நூறாக இருந்தவை பத்தே வருடத்தில் நாலாயிரத்தைத் தாண்டின. தலையும் சவுண்ட் ஹெட்டும் அங்கே போயின. ஆனால் விளக்கு போகவில்லை. திரையின் அகலம் இரண்டு மடங்கானால் அதே பிரகாசத்துக்கு நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். சின்னக் கொட்டகையின் ஆர்க்கை அந்த மைதானத் திரையில் அடித்தால் மின்மினிப்பூச்சிதான்.

உண்மையான அடி 1952-53-ல் விழுந்தது. முதலில் 3-டி. கண்ணுக்கு ஒரு படமாக இரண்டு மிஷினும் ஒன்றாக ஓட வேண்டும், ஆக ரீல் தீர்ந்தால் எடுத்துக்கொள்ள இன்னொரு மிஷின் இல்லை. 5,000 அடி பிடிக்கும் பெரிய டப்பா, இரண்டையும் இணைக்கும் மோட்டார், வெள்ளித்திரை என்று கடன் வாங்கிப் போட்டார்கள். 1954-க்குள் அந்த மோகம் தீர்ந்துவிட்டது. டப்பாக்கள் விளம்பரப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன.

அதற்குள் 1953 செப்டம்பரில் நியூயார்க் ராக்ஸி தியேட்டரில் சினிமாஸ்கோப். அகலத் திரை, விரிக்கும் லென்ஸ், ஃபிலிம் மேலேயே நாலு காந்த ஒலித்தடம். அந்தத் தடத்துக்கு இடம் விட ஃபிலிமின் துளைகளைச் சிறிதாக்கினார்கள். பழைய ஸ்ப்ராக்கெட்டின் பல் அந்தத் துளைக்குள் போகாது, கிழித்துவிடும். நான் மேலே விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னேனே, அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மிஷினும் இங்கே தோற்றது. தேய்மானம் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். ஃபிலிமின் புதுத் துளை அளவு ஒரே அடியாகக் குறைத்துவிட்டது. சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்து, ஸ்டீரியோ கட்டாயம் என்று பிடிவாதமாக நின்ற ஃபாக்ஸ் கம்பெனி 1954-ல் இறங்கி வந்து சாதாரண ஒலியோடும் பிரதி கொடுத்தது. சின்னக் கொட்டகைக்காரர்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவசரப்பட்டு முழு செட்டும் வாங்கியவர்கள் வயிறெரிந்திருப்பார்கள்.

கொழும்பிலிருந்து: அந்த மிஷின்களை நம் பக்கம் அப்படியே ஓட்ட முடியுமா?

மோட்டாரைப் பாருங்கள். அமெரிக்க மின்சாரம் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), நம்முடையது 50. வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், சைக்கிளுக்கு அது உதவாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். நொடிக்கு 24 சட்டம் 20 ஆகிவிடும். கதாநாயகி ஆண் குரலில் பாடுவாள். மோட்டாரையோ பல்சக்கரத்தையோ மாற்றாமல் தீராது.

பழைய மிஷின் வாங்குவது நம்மவர்களுக்குப் புதிதில்லை. 1905-ல் திருச்சிக்கு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டுதான் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அதுவும் செகண்ட் ஹேண்ட் தானே.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தங்கை: தாத்தா வீட்டில் ஒரு பழைய புரொஜக்டரும் சில ரீல்களும் இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கலாமா?

மிஷினை ஓட்டலாம். ரீலை ஓட்டாதே அம்மா. கோடாக் 1948-ல் தியேட்டர் ஃபிலிமுக்கும் எளிதில் தீப்பிடிக்காத ரகத்தைக் கொண்டுவந்த பிறகும் சில வருடம் நைட்ரேட் தயாரிப்பு நடந்தது. ஃபிலிமின் ஓரத்தில் நைட்ரேட் என்றோ சேஃப்டி என்றோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், அதைப் படித்துச் சொல். டப்பாவைத் திறந்ததும் காட்டமான நெடி அடித்தாலோ, ஃபிலிம் தேன் மாதிரி ஒட்டினாலோ, பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ அப்படியே மூடி, வீட்டுக்கு வெளியே நிழலான இடத்தில் வைத்துவிட்டு, தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொல். அடுப்பங்கரைப் பரணில் இருந்தால் இன்றைக்கே இறக்கு. மிஷினின் படம் எடுத்து அனுப்பும்போது கதவைத் திறந்து வைத்து எடு, அந்தப் பதினாறு பல் சக்கரம் தெரியட்டும்.