மேடையை விட்டு ஒரு வருடம் விலகலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஒரு இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசிக்கிறேன். மேடைகள் நிறையக் கிடைக்கின்றன, நன்றாகவே கைதட்டுகிறார்கள். ஆனால் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பது போல உறுத்துகிறது. ஒரு வருடம் விலகி சாதகம் செய்ய ஆசை. 'அதற்குள் உன்னை மறந்துவிடுவார்கள்' என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ்தான் நினைவுக்கு வந்தார். 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஹெராயினுக்கு அடிமையாகி, சிறைக்குப் போய், 1955இல் லெக்சிங்டன் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று மீண்டார். அடுத்த வருடமே அவருடைய 'சாக்ஸபோன் கொலோசஸ்' இசைத்தொகுப்பு பதிவானது. ஜாஸ் உலகமே கொண்டாடிய அந்த மனிதர், 1959இல், முப்பது வயதுகூட ஆகாதபோது, மேடையை விட்டு இறங்கினார். ஊர் புகழும் அளவுக்குத் தன் வாசிப்பு இல்லை என்று அவருக்கே பட்டுவிட்டது.

வீட்டில் ஊத மனம் வரவில்லை, பக்கத்தில் ஒரு கர்ப்பிணி இருந்தார். டெனார் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். பக்கத்தில் ரயில் தடதடக்கும், கீழே ஆற்றில் படகுகள் சங்கு ஊதும். அங்கே எவ்வளவு பலமாக ஊதினாலும் யார் தூக்கமும் கெடாது. சில நாட்களில் 15 மணி நேரம்கூட ஊதினாராம், குளிர்காலத்திலும் விடவில்லை.

1961 கடைசியில் திரும்பினார், 1962இல் 'தி பிரிட்ஜ்' (பாலம்) என்ற இசைத்தொகுப்பு வந்தது. பாணி பெரிதாக மாறவில்லையே என்று சில விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அவர் போனது விமர்சகர்களுக்காக அல்லவே!

அதனால் தாராளமாக விலகுங்கள். ஆனால் எதைச் சரிசெய்யப் போகிறீர்கள் என்று தெரியாமல் போகாதீர்கள். உங்கள் கடைசி மூன்று நிகழ்ச்சிகளின் பதிவைக் கேளுங்கள். விரல் பழக்கத்தில் தானாக ஓடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதகம் அங்கிருந்து தொடங்கட்டும்.

அப்புறம், பணம். ரோலின்ஸ் பாலத்தில் ஊதிய நாட்களில், பின்னாளில் அவர் மணந்த லூசில் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார். உங்கள் வீட்டில் அதற்கு வழி உண்டா? இல்லையென்றால் ஆறு மாதச் செலவுக்குச் சேர்த்துவிட்டு விலகுங்கள்.

மறந்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். ரோலின்ஸ் 1969இல் இன்னொரு முறையும் விலகினார். திரும்பி வந்து 2012 வரை மேடையில் வாசித்தார். குழுவினரிடம் மட்டும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், உங்கள் இடத்துக்கு ஆள் தேட அவர்களுக்கும் நேரம் வேண்டுமே.