ஆட்டிசக் குழந்தையின் வளர்ச்சிப் படிகள் – ஒரு கடிதம்

அக்கா, வணக்கம்.

என் மகனுக்கு இரண்டு வயது பத்து மாதம். போன மாதம்தான் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். குப்புற விழுந்தது, தவழ்ந்தது எல்லாம் சரியான நேரத்தில்தான், பதினொன்றாம் மாதமே நடந்துவிட்டான். ஒன்றேகால் வயதில் அம்மா, பால், காக்கா என்று நாலைந்து வார்த்தை பேசினான். ஒன்றரை வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக நின்றுபோனது. இப்போது ஏபிசிடி முழுவதும் சொல்கிறான், நூறு வரை எண்ணுகிறான், பஸ் நம்பரை வாசிக்கிறான். ஆனால் பசித்தால் கேட்கத் தெரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஃபோன் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்கிறார் மாமியார். ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் அப்புறம் பேச்சே வராது என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அழுகைதான். இவன் எப்போது மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிப்பான்?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

அந்த அட்டவணையை இன்றைக்கே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் வேலை முடிந்துவிட்டது. ஒரு குழந்தையை டாக்டரிடம் காட்ட வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் அப்படிப்பட்ட அட்டவணைகளைத் தயாரிக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022-ல் தன்னுடைய பட்டியலைத் திருத்தியபோது, நூற்றுக்கு எழுபத்தைந்து குழந்தைகளாவது செய்துவிடக்கூடிய வயதையே கணக்கில் எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் செய்யும் வயதைப் போட்டால், பெற்றோரும் டாக்டர்களும் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று நாளைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். நீங்கள் தள்ளவில்லை, மூன்று வயதுக்கு முன்பே காட்டிவிட்டீர்கள். இனி அதே தாளை வைத்துக்கொண்டு தினமும் பிள்ளைக்கு மார்க் போடுவதில் உங்களுக்கும் பயனில்லை, அவனுக்கும் இல்லை.

பதினொரு மாதத்தில் நடந்த பிள்ளை என்பதால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நம் வீடுகளில் நடந்தானா, பல் முளைத்ததா, பேசினானா என்றுதான் கேட்போம். ஆட்டிசம் முதலில் தெரிவது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில். நம்முடைய பிள்ளைத்தமிழை நினைத்துப் பாருங்கள். குழந்தை கைகொட்டுவது சப்பாணி, முத்தம் கேட்பது முத்தப் பருவம், வா என்று கூப்பிடுவது வருகை, நிலாவைக் காட்டி விளையாட அழைப்பது அம்புலி. எல்லாமே குழந்தைக்கும் எதிரில் இருக்கும் ஆளுக்கும் நடுவில் நடக்கிற காரியங்கள். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிற எம்-சாட் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள். அதிலும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள்: பெயர் சொன்னால் திரும்புகிறானா, நீங்கள் காட்டும் பொருளைப் பார்க்கிறானா, தனக்குப் பிடித்ததை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, நீங்கள் கைதட்டினால் அவனும் தட்டுகிறானா.

பேச்சு இதற்குமேல் கட்டப்படுவது. விரல் நீட்டி 'அதோ' என்று காட்டத் தெரியாத குழந்தைக்கு நூறு படங்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தாலும், அந்தப் பெயரை வைத்து இன்னொருவரிடம் என்ன செய்வது என்று தெரியாது. உங்கள் மகன் நூறு வரை எண்ணியும் பசிக்கிறது என்று சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான். ஆட்டிசக் குழந்தைகளின் வளர்ச்சி வரிசையாகப் போவதில்லை. ஒன்றில் நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பான், இன்னொன்றில் பத்து மாதக் குழந்தையாக இருப்பான், இரண்டும் ஒரே நாளில் ஒரே பிள்ளையிடம். அதனால் 'எப்போது எட்டிப்பிடிப்பான்' என்ற கேள்விக்கு ஒரு தேதி சொல்ல யாராலும் முடியாது, சொல்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அவனுடைய அடுத்த படி எது என்பதை மட்டும் பாருங்கள்.

என் மகன் மூன்று வயதில் பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டப்பா மூடிமேல் என் கையை வைப்பான். என் முகத்தைப் பார்க்கவே மாட்டான், கை மட்டும் போதும் அவனுக்கு. பல மாதம் அப்படியே ஓடியது. தெரபிஸ்ட் சொன்னபடி நான் உடனே திறக்காமல் கையை மூடியிலேயே வைத்துக்கொண்டு சும்மா நிற்க ஆரம்பித்தேன். ஒருநாள் கையை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஒரு நொடி. மறுபடி டப்பாவைப் பார்த்தான், மறுபடி என்னை. கை திறக்காது, அம்மாதான் திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்த நாள் அது. எந்த அட்டவணையிலும் மூன்றே கால் வயதுக்கு நேராக இதை எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் இதற்குப் பிறகுதான் விரல் நீட்டுவது வந்தது, அதற்குப் பிறகு சொல்.

முதலில் வந்த சொற்களும் 'சரியான' சொற்கள் கிடையாது. தாகம் எடுத்தால் என்னிடம் வந்து "தண்ணி வேணுமா கண்ணா?" என்பான், நான் கேட்கிற அதே ராகத்தில். கிளிப்பிள்ளை மாதிரி பேசுகிறான் என்று பலர் வருத்தப்பட்டார்கள். அது தாகத்தைச் சொல்லும் பேச்சுதான், முழு வாக்கியமாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் மகனிடமும் இப்படி வரலாம். வந்தால் திருத்தாதீர்கள். தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே அவன் சொல்ல வேண்டியதை, "தண்ணி வேணும்" என்று, நீங்கள் சொல்லுங்கள்.

ஐந்து வயதுக் கெடுவைப் பற்றி. அது பல வருடங்களாகப் பெற்றோரைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிற பேச்சு. 2013-ல் அமெரிக்காவில், நாலு வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசாத 535 ஆட்டிசக் குழந்தைகளை, எட்டு வயதுக்கு மேல் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர் சரளமாகவே. மற்றவர்களோடு கலந்து பழகும் ஆர்வமும், பேச்சு தேவைப்படாத அறிவுத்திறனும் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பேச்சு சுலபமாக வந்திருந்தது. மீதி 30 சதவீதத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. சில பிள்ளைகள் வாயால் பேசாமலேயே வளர்வார்கள், அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். பேச்சு வருமா வராதா என்று தெரியும்வரை காத்திருக்காமல் இப்போதே பட அட்டைகளைத் தொடங்குங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது, படத்தைத் தொட்டால் குரல் வரும். படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்பது வீண் பயம், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

மாமியார் சொன்னது. லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசம் பற்றி எழுதியது 1943-ல், அப்போது எந்த வீட்டில் ஃபோன் காட்டிச் சோறு ஊட்டினார்கள்? அதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலம் 'பாசமில்லாத அம்மாக்களால் வருவது' என்று படித்தவர்களே சொன்னார்கள். தானே ஒரு ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் அதை எதிர்த்துப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. ஒன்றரை வயதை ஒட்டி வந்த வார்த்தைகள் நின்றுபோவது ஆட்டிசத்தில் அடிக்கடி காணப்படுவதுதான், கால்வாசிக் குழந்தைகளுக்காவது இது நடக்கிறது. நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை. ஃபோனைக் குறைக்கத்தான் வேண்டும், அது தின்னும் நேரம் உங்கள் முகத்தோடு அவன் இருக்க வேண்டிய நேரம் என்பதால்.

காது கேட்கும் சோதனை செய்ததாகக் கடிதத்தில் இல்லையே? பேச்சு நின்ற எந்தக் குழந்தைக்கும், காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்துவிட வேண்டும், ஆட்டிசம் என்று சொன்ன பிறகும்கூட. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று விசாரியுங்கள், டிஇஐசி என்று கேட்டால் சட்டென்று புரியும். பேச்சுப் பயிற்சியும் மற்ற தெரபிகளும் அங்கே இலவசம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் உண்டு, சான்றிதழுக்குப் போடத் தயங்காதீர்கள், பிறகு பள்ளியில் சேர்க்கும்போது தேவைப்படும்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: சாயங்காலம் பேரனை மடியில் எதிர்முகமாக உட்காரவைத்து 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' பாடி ஆட்ட வேண்டும், நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு அவன் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும், பார்த்ததும் மறுபடி ஆட்ட வேண்டும். பார்க்க ஐந்து நொடி ஆனாலும் சரி, அரை நிமிடம் ஆனாலும் சரி, தாடையைப் பிடித்துத் திருப்பக் கூடாது. இரண்டு மாதம் செய்யச் சொல்லிவிட்டு, பெரா ரிசல்டோடு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா