கொடுமணலில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஈரோட்டிலிருந்து வழிகாட்டியுடன் புறப்பட்ட ஒருநாள் சுற்றுலாவுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். வெள்ளோடு ஏரியில் கூழைக்கடாக்களைக் கண்டதும், சென்னிமலை மேலிருந்து சுற்றுப்புறத்தைப் பார்த்ததும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. ஆனால், நண்பகலில் கொண்டுபோய் இறக்கிவிட்ட, அகழாய்வு நடந்த பழைய ஊரான கொடுமணலில் முட்செடிகளும் சில பலகைக்கற்களும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. வழிகாட்டி பதிற்றுப்பத்து, ரோமானிய வணிகம் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். நேரமாகிவிட்டதென்று அறச்சலூர்க் குகையையும் விட்டுவிட்டார்கள். ‘இதைப் பார்க்கத்தான் வந்தோமா?’ என்று கேட்ட மகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தகைய இடங்களைச் சுற்றுலாவில் சேர்ப்பது சரிதானா?

வாசகர், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

சேர்ப்பது சரிதான், பத்து நிமிடத்தில் முடித்ததுதான் தவறு. உங்கள் மகள் கேட்டதில் பிழையில்லை. கோட்டை இடிந்தாலும் மதிலின் ஒரு பகுதியாவது மிஞ்சும். கொடுமணலிலோ, 1985 இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிப் பின்னர் பலரும் தொடர்ந்த அகழாய்வுகளின் குழிகள் மழையில் கரைந்துவிடாதபடி மண்ணிட்டு மூடப்பட்டுவிட்டன. அங்கே கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லால் காட்டுவதற்குத்தான் வழிகாட்டி வேண்டியிருக்கிறது.

அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டியது மணிகளைப் பற்றி. முழுமை பெற்ற மணிகள் மட்டும் கிடைத்திருந்தால், அவற்றை வாங்கி அணிந்தவர்களின் ஊர் அது என்று எண்ணியிருப்போம். உடைத்தெடுத்த கல், உருவம் கொடுத்த கல், மெருகேற்றியும் துளையிடாத மணி, வேலையின் நடுவே உடைந்துபோன மணி என்று தொழிலின் ஒவ்வொரு நிலையும் அந்த மண்ணில் கிடைத்ததனால்தான் அது மணி செய்தவர்களின் ஊர் என்பது உறுதியாயிற்று. பச்சைக்கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைப்பது. சூதுபவளம் என்னும் செந்நிற மணிக்கான கல்லோ நெடுந்தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்குச் சென்ற பெருவழியில், நொய்யலின் வடகரையில் இருந்த ஊருக்கு அது இயலாத காரியமல்ல. இரும்பு உருக்கிய உலைகளும் அங்கேயே கிடைத்தன. ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ (கொடுமணத்தில், அதாவது இந்தக் கொடுமணலில், செய்த வேலைப்பாடு மிக்க அரிய அணிகலன்) என்று பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் பாடியதை இவ்வளவையும் கேட்டபின் சொன்னால் குழந்தைக்கும் புரியும். வண்டியிலிருந்து இறங்கியதும் சொன்னால் பெரியவர்களுக்கும் புரியாது.

நீங்கள் பார்த்த பலகைக்கற்கள் ஈமச்சின்னங்களைச் சேர்ந்தவை. அவற்றில் சிலவற்றின் நிறுத்திய கல்லில் வட்டமாக வெட்டிய இடுதுளை இருக்கும். இறந்தவர்களோடு சூதுபவள மணிகளையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். அப்படியே ஆற்றங்கரை வரைக்கும் அழைத்துச் சென்றிருக்கலாம். சாயக்கழிவு கலந்து நாம் கெடுத்துவிட்ட நொய்யலைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. என்றாலும், அந்த ஆற்றைக் காணாமல் அந்த ஊரை அறிந்துகொள்ள முடியாது.

அறச்சலூரை விட்டதுதான் உண்மையான இழப்பு. புலவர் செ. இராசு கண்டறிந்த அந்தக் குகைக் கல்வெட்டில் ‘த தை தா தை த’ என்று தொடங்கும் இசையெழுத்துகள், வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில், இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஒன்றுபோலவே படிக்கும்படி அமைந்திருக்கின்றன. பலரும் அந்த வியப்போடு நின்றுவிடுகிறார்கள். அவ்வெழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் ‘மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்’ என்று பக்கத்திலேயே பொறித்திருக்கிறது. மணி வண்ணக்கன் என்றால் மணிகளின் தரத்தைச் சோதிப்பவன். மணி செய்தவர்களின் ஊரை நண்பகலில் பார்த்தவர்கள், மணியைச் சோதித்த ஒருவனின் பெயரை மாலையில் படித்திருக்கலாம்.

அடுத்த முறை மகளுடன் தனியாகவே செல்லுங்கள். தை மாதமென்றால் வெள்ளோட்டில் பறவைகளும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். அறச்சலூரில் தொடங்கிக் கொடுமணலில் முடியுங்கள். அங்கே அவள் கண்ணில் ஒரு சிறு மணியோ எழுத்துள்ள பானை ஓடோ பட்டால் படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.