குப்பைமேட்டுக் குடும்பங்களுக்குத் தேவாலயம் திரட்டும் பணம் உண்மையில் போய்ச் சேருகிறதா?

கேள்வி கேட்டவரின் தேவாலயத்தில் மணிலா குப்பைமேட்டுக் குடும்பங்களுக்கென்று மாதாமாதம் காணிக்கை உறை கொடுக்கிறார்களாம். பணம் போய்ச் சேருமா, சேர்ந்தாலும் அது உதவியா, மதம் மாற்றும் வேலையா என்பது அவருடைய சந்தேகம்.

நான் மணிலா போனதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு தோட்டப் பட்டணத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தேவாலயப் பங்கில், ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் ஊருக்கும் ஒரு குப்பைமேடு உண்டு. முன்பு பால்மரம் (ரப்பர்) நின்ற நிலம். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஓர் ஓரத்தைக் குப்பைக்கு விட்டார்கள். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபின் போக்கிடம் இல்லாத ஏழு குடும்பங்கள் அந்த ஓரத்தில் தகரமும் பலகையும் வைத்து ஒதுங்கியிருந்தன. ஆகவே நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி மூக்கைப் பொத்திக்கொண்டு கற்றது.

முதல் ஆண்டு நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அரிசி, மைலோ, டின் மீன், அதோடு பங்கு முழுவதும் திரட்டிய பழைய துணி பதினான்கு மூட்டை. வேனில் கொண்டுபோய் இறக்கி, வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்துப் போனால் பாதித் துணி மேட்டிலேயே கிடந்தது. என்னுடைய ஊதாச் சேலையை ஒரு கூரை இடுக்கில் ஒழுக்குக்குத் திணித்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதைக் கவனித்துவிட்ட ஓர் அக்கா, "துணி எங்களுக்கு லோரியிலேயே வருகிறது டீச்சர், நீங்கள் தனியாக வேன் பிடிக்க வேண்டாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் டீசல் செலவுக்காகத்தான் அவர் வருத்தப்பட்டார்.

"அப்படியென்றால் என்னதான் வேண்டும் அக்கா?" என்று கேட்டேன்.

"என் காசை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் அதில் அடங்கியிருந்தது. அலுமினியக் கேன், செப்புக் கம்பி, பிளாஸ்டிக் புட்டி என்று நாளெல்லாம் பொறுக்கி, மாலையில் பழைய இரும்புக் கடையில் போட்டால் கையில் ரொக்கம் வருகிறது. பூட்டில்லாத குடிசையில் அது விடியும்வரை தங்காது. கணவர் சம்சுக் (மலிவுச் சாராயக்) கடைக்குப் போகிற வழி அந்தப் பக்கம்தான். வங்கியில் போடலாம் என்றால் அக்காவிடம் அடையாளக் கார்டு கிடையாது. அவர் பிறந்தபோது யாரும் பதியவில்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், அதையும் பதியவில்லை. 1982 மார்ச் முதல் இந்த நாட்டில் முஸ்லிமல்லாதவர் திருமணத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாத மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். தகப்பனிடம் குடிமக்களுக்கான நீலக் கார்டு இருந்தாலும் அது தானாகப் பிள்ளைக்கு வராது. இப்படித்தான் ஒரு தலைமுறையின் கவனக்குறைவு அடுத்த தலைமுறையின் தலையில் விடிகிறது.

மளிகைக் கடைக் கடனுக்குப் பெயர்போன 555 நோட்டு மலேசியர்களுக்குத் தெரியும். அதையே சேமிப்புக்கு வாங்கினோம். குடும்பத்துக்கு இரண்டு: ஒன்று அவர்களிடம், ஒன்று எங்களிடம். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் சபையில் இருவர் பிஸ்கட் டின்னோடு போவோம். இரண்டு வெள்ளி (ரிங்கிட்), ஐந்து வெள்ளி, சில வாரம் எண்பது காசு. இரண்டு நோட்டிலும் எழுதி, இரண்டிலும் பெருவிரல் ரேகை. அக்காவின் நோட்டில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் புளித்த வாடை அடிக்கும். தொகை கூடியபின் சபையின் கணக்கில் தனியாகப் போட்டு, சீட்டை அவர்களிடமே காட்டினோம்.

ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொஞ்சநாள் பெருமையாக இருந்தது. பிறகுதான் பாயதாஸைப் பற்றிப் படித்தேன். மணிலாவை ஒட்டிய கெஸோன் நகரில் இருந்த குப்பைமேடு அது. 1995இல் மணிலாவின் ஸ்மோக்கி மவுண்டன் குப்பைமேடு மூடப்பட்டபோது பொறுக்கிப் பிழைத்தவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு லுபாங் பாங்காகோ என்று பெயர். வாக்களிக்கப்பட்ட நாடு என்று பொருள். பாலும் தேனும் ஓடும் என்று மோசேக்குச் சொல்லப்பட்டதே, அந்த நாடு. 2000 ஜூலை 10ஆம் தேதி, நாள்கணக்கில் கொட்டிய மழையில் மேடு சரிந்தது, தீயும் பிடித்தது. 200க்கும் மேற்பட்டோர் குப்பைக்கடியில் இறந்தார்கள். திறந்தவெளிக் குப்பைமேடுகளைத் தடைசெய்யும் சட்டம் அடுத்த ஜனவரியில் வந்தது. பாயதாஸ் ஒரேயடியாக மூடப்பட்டதோ 2017இல்தான்.

அந்தச் சரிவுக்கு முன்பே, தொண்ணூறுகளில், வின்சென்ட் தே பவுலின் வழிவந்த குருக்கள் அங்கே குப்பை பொறுக்கும் பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்திருந்தார்கள். பெசோ பெசோவாகச் சேர்த்த காசு. அந்தக் குழுக்களிலிருந்துதான் பிலிப்பைன்ஸ் வீடற்றோர் கூட்டமைப்பு வளர்ந்தது. பிறகு நிலம் வாங்கவும் வீடு கட்டவும் இறங்கியது.

இதைப் படித்தபோது எனக்கு மணிலா நினைவுக்கு வரவில்லை, என் பாட்டிதான் வந்தார். ஐம்பதுகளின் கடைசியில் தோட்டங்களைத் துண்டாடி விற்று, பாட்டாளிகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்றைய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சங்கம் தோட்டங்களையே வாங்கியது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பங்குப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். நம் ஆட்களுக்கு வழி தெரியாமல் இல்லை. நாங்கள்தான் அதை மறந்துவிட்டுத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம்.

எங்கள் செலவில் மிக நன்றாகப் பலன் தந்தது எது தெரியுமா? தொங்கவிட்டு நிறுக்கும் ஒரு தராசு. கடையில் போடும் முன் மூட்டையை இவர்களே நிறுத்து, எடையை நோட்டில் குறித்துக்கொண்டு போனார்கள். கடைக்காரரிடம் யாரும் சண்டை பிடிக்கவில்லை. நோட்டைக் கல்லாவின்மேல் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த மாதத்திலிருந்து மூட்டைகள் கனக்கத் தொடங்கிவிட்டன.

மதமாற்றத்துக்கு வருகிறேன். ஏழில் ஐந்து குடும்பம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். இன்றும் போகிறார்கள், திருவிழாவுக்கு எங்களுக்கும் கூழ் வருகிறது. ஆனால் சந்தேகம் வீண் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை வெளியூர்ப் போதகர் ஒருவர் அரிசி கொண்டுவந்து, ஜெபம் முடிந்தபின்தான் பை என்று எல்லோரையும் வெயிலில் உட்கார வைத்தார். எங்களில் சிலருக்கு அதில் தவறு தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் குரலை உயர்த்திவிட்டேன். பசித்தவனைக் காக்கவைத்துச் செய்யும் ஜெபம் எந்தக் கடவுளுக்கு? இப்போதும் அந்தப் போதகர் என்னோடு பேசுவதில்லை.

உழைப்பைப் பற்றியும் ஒன்று. மடகாஸ்கரில் பேத்ரோ ஒபேக்கா என்ற குரு இருக்கிறார், அவரும் வின்சென்ட் தே பவுலின் வழிவந்தவர்தான். அர்ஜென்டினாவில் பிறந்த கொத்தனார் மகன். தலைநகரின் குப்பைமேட்டில் பிள்ளைகள் உணவுக்காகப் பொறுக்குவதைக் கண்டு 1989இல் அக்காமசோவா என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்தக் குடும்பங்களே கல் உடைத்துத் தங்கள் வீடுகளைக் கட்டின. செய்த வேலைக்குக் கூலியும் உண்டு. இலவசமாக நீட்டுவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. 2019 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே போனார். நான் அவ்வளவு கறார் இல்லை. வெள்ளம் வந்த வாரம் அரிசிதான் வேண்டும், நோட்டு அல்ல.

ஆகவே உங்கள் பங்குத்தந்தையிடம் போய்க் கேளுங்கள். எந்தக் குப்பைமேடு, எந்தத் தெரு, அங்கே நிரந்தரமாக யார் தங்கியிருக்கிறார்? பணம் பொருளாகப் போகிறதா, அந்த மக்களின் பெயரில் ஏதாவது சேருகிறதா? கணக்கை அவர்களும் பார்க்கிறார்களா, நாம் மட்டுமா? உறையில் ஸ்மோக்கி மவுண்டன் படம் போட்டிருந்தால், அது எந்த ஆண்டுப் படம் என்றும் கேளுங்கள். மூடி முப்பது ஆண்டு ஆகிறது. பதில் வரும்வரை உறையை வீட்டிலேயே வைத்திருங்கள். அந்தப் பணத்தோடு உங்கள் ஊர்க் குப்பைமேட்டுக்கு ஒரு ஞாயிறு போய்வரலாம். தராசு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.